நான் நிற்கும் இடம் கண்டாவளை

“ஊரைச் சொல்லிக் கதைக்கிற விளையாட்டு எங்களுக்குச் சரிவருமோ பிள்ளை?” என்று அம்மா ஒருமுறை கேட்டார்.

அமெச்சூர் வானொலிப் பரீட்சையில் நான் தேறியிருந்த நேரம் அது. உரிமம் எடுத்தவர்கள் வீட்டில் ஒரு சிறு நிலையம் வைத்து, உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் முன்பின் தெரியாதவரோடு கதைப்பார்கள், சம்பளமும் இல்லை வியாபாரமும் இல்லை, வெறும் ஆசைதான் என்று குசினி வாசலில் இருந்து விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். முதலில் உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும், பிறகு பெயர், பிறகு நிற்கும் இடம். அம்மா அந்தக் கடைசிச் சொல்லில் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டில் தொலைபேசியில்கூட ஒருவரும் இடத்தைச் சொல்வதில்லை. எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் “இஞ்சதான்” என்பார்கள். எங்கே போனீர்கள் என்றால் “உதில” என்பார்கள். சண்டைக் காலத்தில் பழகிய வாய். சண்டை முடிந்து எத்தனையோ போகம் விதைத்து அறுத்தாயிற்று, வாய் மட்டும் மாறவில்லை.

அன்று நான் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் சாதாரண தரப் பரீட்சை தாண்டிய முதல் ஆள் நான். வவுனியாவில் படித்துப் பட்டம் எடுத்து, கொழும்பில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மாவின் பயம் எனக்கு ஒரு பழைய உடுப்பு மாதிரித் தெரிந்தது. ஆனால் வானொலியில் முதன்முதலாக ஒருவர் என் இடத்தைக் கேட்டபோது என் வாயில் வந்தது கொழும்பு. பொங்கல் லீவில் வீட்டுக்குப் போய், முற்றத்து மாமரத்திலிருந்து ஏரியல் கம்பி இழுத்துக் கட்டிக் கதைத்த நாட்களிலும் கொழும்பு என்றே சொன்னேன். அம்மா சொன்னதற்காக என்று எனக்கு நானே காரணம் வைத்திருந்தேன். அது பொய். எங்கள் மாவட்டம் கிளிநொச்சி என்றால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கொழும்பு அலுவலகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். முகம் ஒரு பக்கம் சரியும், குரல் இறங்கும், “அப்ப நீங்களும் முகாமில இருந்தனீங்களோ?” என்பார்கள். என்னை இரக்கப்பட்டுப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது.

போன வருடம் வேலை விஷயமான ஒரு பயிற்சிக்குக் கோலாலம்பூர் போனேன். எந்த நாட்டுக்குப் போனாலும் வானொலிக்காரர்கள் கூடும் ஒரு இடம் இருக்கும். அழைப்புக் குறியைச் சொன்னால் போதும், கதிரையை இழுத்துப் போட்டுவிடுவார்கள். அங்கேயும் ஒரு மாலை போனேன். வானொலிக் குரலாக மட்டும் எனக்குப் பழக்கமான லேனா, ஊர் சுற்ற வந்தவர், அங்கே இருந்தார். பின்லாந்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், பாடசாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறுமியாக இருந்தபோது தொடங்கிய வானொலியைக் கல்யாணம், பிள்ளைகள், கணவரின் சாவு எதற்காகவும் விடாதவர். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, “இதுதான் என் கொழும்புப் பெண்” என்று மேசையிலிருந்த எல்லோருக்கும் அறிமுகம் செய்தார்.

வானொலிக்காரர்கள் உலகப் படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தெந்தச் சதுரத்தில் இருப்பவரோடு கதைத்தோம் என்று சேர்ப்பது சிலருக்கு முத்திரை சேர்ப்பது போல. லேனா அந்த ரகம். அன்று தன் தொலைபேசியில் படத்தைக் காட்டினார். இலங்கையில் நிறம் தீட்டாமல் ஒரு சதுரம் மிச்சம் இருந்தது. வடக்கே, எங்கள் வன்னி. “இங்கே எனக்கு ஒருவரும் கிடைக்கவே இல்லை. நானே போய் அங்கிருந்து கூப்பிடப் போகிறேன். என்னைப் போலத் தேடுகிறவர்களுக்காவது கிடைக்கட்டும். உனக்கு அந்தப் பக்கம் தெரியுமா?” என்றார்.

அதற்கு முந்திய பொங்கலுக்கு நான் எங்கள் மாமரத்தடியில் இருந்து கதைத்தது இந்த லேனாவோடுதான். அந்தச் சதுரம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. கொழும்பு என்ற பெயரில் இருந்தது. அந்த மேசையில் வைத்தே சொல்லியிருந்தால் இந்தப் பயணமே நடந்திருக்காது.

“ஓரளவு தெரியும்,” என்றேன்.

இந்தப் பங்குனியில் வந்து இறங்கினார். ஒரு முதுகுப் பையில் உடுப்பு, இன்னொன்றில் வானொலி. வான் ஓட்டியவர் நிமல், குருநாகல்காரர். என் சொந்த மாவட்டத்துக்கு நான் வழிகாட்டியாகப் புறப்பட்டேன்.

வவுனியாவில் சாப்பாட்டுக்கு நிற்பாட்டினோம். நிமல் தானாகவே கொண்டுபோய் நிறுத்திய கடை, நான் படித்த காலத்தில் நாங்கள் எல்லோரும் பின்னேரங்களில் ரொட்டி சாப்பிட்ட கடை. முதலாளியை நாங்கள் நானா என்போம். முல்லைத்தீவு முஸ்லிம், இடம்பெயர்ந்து புத்தளத்தில் கன வருடம் இருந்து திரும்பியவர். தொப்பியை முகம்வரை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். பிரயோசனம் இல்லை.

“ஆ, தங்கச்சி. கனநாளாக் காணக் கிடைக்கேல்லை. அப்பா சுகமோ? வயல் வெட்டியாச்சோ?”

“ஓம் நானா,” என்று வாய்க்குள் சொன்னேன்.

என்ன கேட்கிறார் என்றார் லேனா. காரம் போதுமா என்று கேட்கிறார் என்று மொழிபெயர்த்தேன். லேனா உடனே பெருவிரலை உயர்த்தி, கண்ணில் தண்ணீரோடு, மிக அருமை என்றார். நானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இன்னொரு தட்டு மாட்டிறைச்சிக் கறி அனுப்பினார். பின்லாந்தில் மிளகுதான் அதிக காரம் என்று லேனா சொன்னார். அவர் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டு முடித்தார். 

ஓமந்தை தாண்டும்போது வழக்கம்போல என் முதுகு தானாக நிமிர்ந்தது. அங்கே ஒரு காலத்தில் சோதனைச் சாவடியில் இறங்கி, பை திறந்து, வரிசையில் நின்று போனோம். இப்போது வெறும் றோட்டு, இரண்டு பக்கமும் பற்றை. புளியங்குளத்துக்கு அப்பால் லேனா திடீரென்று வானை நிறுத்தச் சொன்னார். நிமல் பதறிப்போய், கழிப்பறைக்குப் போக வேண்டுமாக்கும், கொஞ்சம் பொறுத்தால் கடை வரும் என்றார். லேனா கையிலிருந்த இடங்காட்டிக் கருவியைப் பார்த்தபடி றோட்டோரம் நடந்து, ஒரு இடத்தில் காலைத் தூக்கி வைத்து, கையைத் தட்டினார். அவருடைய சதுரம் அங்கே தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டியதற்கு ஒரு மனுசி இப்படிச் சந்தோஷப்படுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எங்களுக்கும் அந்தப் பக்கத்தில் கோடுகள் இருந்தன. ஒருவரும் கை தட்டவில்லை.

வானில் ஏறியதும், நீ எப்படி இதற்குள் வந்தாய் என்று கேட்டார் லேனா. வானொலிக்காரர் எல்லோரிடமும் அப்படி ஒரு கதை இருக்கும். என்னுடையது நல்ல கதை. உயர்தர வகுப்பில் படிக்கும்போது மார்கழி வெள்ளம் வந்து எங்கள் பக்கம் முழுக்க மூழ்கியது. பாடசாலை மண்டபத்தில் இருந்தோம். தொலைபேசி வேலை செய்யவில்லை. தெற்கிலிருந்து வந்த வானொலிக்காரர்கள் சிலர் மண்டபத்துக் கூரையிலிருந்து வேம்புக்கு ஒரு கம்பி கட்டினார்கள். காரில் போடும் பற்றரி ஒன்றைப் பொருத்தி, என்னென்ன மருந்து வேண்டும், எத்தனை கைக்குழந்தைகள் என்று கொழும்புக்குச் சொன்னார்கள். அடுத்த நாள் அதெல்லாம் வந்தது. அவர்களில் இருந்த ஒரு சிங்கள அக்கா என் கையில் மைக்கைத் தந்து பெயரைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எங்கிருந்தோ ஒரு குரல் என் பெயரைத் திருப்பிச் சொன்னது. சேற்றுக் காலோடு நின்ற எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கிழவியாகும்வரை இதை விடமாட்டேன் என்று அன்றைக்கே தெரியும்.

இந்தக் கதையை லேனாவுக்குச் சொன்னேன். ஆனால் வெள்ளத்தைக் களனி ஆற்றுக்கு மாற்றி, பாடசாலையைக் கொழும்புக்குத் தள்ளி, சிங்கள அக்காவை மட்டும் அப்படியே விட்டுச் சொன்னேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல கதையை வேறொரு ஊருக்குக் கொடுத்துவிட்டேன். லேனா நெஞ்சில் கை வைத்துக் கேட்டார். நிமல் கண்ணாடியில் என்னைப் பார்த்து, வவுனியா வந்ததிலிருந்து மிஸ்ஸுடைய தமிழ் வேறு மாதிரி இருக்கிறதே, ரொட்டிக் கடையில் கதைத்தது அப்படியே இந்த ஊர்க்காரர் மாதிரி என்று சிங்களத்தில் சொன்னார். எனக்கு எல்லா ஊர்த் தமிழும் வரும் என்றேன். 

கிளிநொச்சி நகரத்தில் ஒரு தங்குமிடத்தில் படுத்தோம். எங்கள் வீடு கண்டாவளையில், அங்கிருந்து பஸ்ஸில் போகும் தூரம். நான் அறை எடுத்துப் படுத்தேன்.

மறுநாள் போகும் இடத்தை லேனாதான் படத்தில் பார்த்துத் தெரிந்திருந்தார். உப்பு நீருக்குப் பக்கத்தில் நின்றால் வானொலி அலை தூரம் போகும். கண்டாவளைப் பக்கம் கடல்நீர் ஏறும் களப்பும் இருக்கிறது, வெட்டவெளியும் இருக்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரை நல்லது என்று நான் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் அறிவித்த கடிதங்களை எழுதியது நான். ஆங்கிலத்தில் எழுதி, என் பெயரை முதலெழுத்துகளோடு நிறுத்தினேன். அந்த நாட்களில் அப்பா நெல் காயவிடுகிற இடத்தில்தான் நிற்பார், களப்புப் பக்கம் வரமாட்டார் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற வயலில், தூண்டில் தடி போல நீளும் கம்பத்தை நட்டு, அதிலிருந்து கம்பி இழுத்தோம். குடைக்குக் கீழே ஒரு பெட்டிமேல் வானொலி. வெயில் காலையிலேயே சுட்டது. நாலைந்து ஆடுகள் வந்து கம்பியை மோந்து பார்த்துவிட்டுப் போயின. லேனா ஒருமுறைதான் கூப்பிட்டார். அதற்குப் பிறகு மூச்சு விட நேரம் இல்லை. இத்தாலி, ஜப்பான், ரஷ்யா என்று ஒருவர் குரலுக்கு மேல் ஒருவர் குரல், கலைத்த குளவிக் கூடு மாதிரி. எல்லோருக்கும் இந்தச் சதுரம் வேண்டும். நாங்கள் நிற்கும் இந்தத் தாள் வயல் வேண்டும். நான் வளர்ந்த ஊரை உலகம் முழுக்க ஆட்கள் இப்படி அடித்துப் பிடித்துக் கேட்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கொஞ்ச நேரத்தில் மைக்கை என்னிடம் தந்தார். இடம் கேட்பவர்களுக்கு லேனா “கன்டவாலி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் “கன்டவாலி” என்றேன். என் நாக்குக்குச் சரியாகச் சொல்லத் தெரியும். அவரைப் போலவே பிழையாகச் சொன்னேன்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம் றோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் வரம்பில் நடந்து வந்தார். நடையிலேயே தெரிந்துவிட்டது. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், வெள்ளைக்காரி ஒருத்தி கம்பம் நட்டிருக்கிறா, உன்ர மகளைப் போல ஒரு பிள்ளையும் நிக்குது என்று.

அப்பா குடைக்கு அப்பால் நின்றார். என்னைப் பார்த்தார். நான் வானொலியின் இலக்கங்களைப் பார்த்தேன்.

காணிக்காரராக இருக்கும், இடைஞ்சல் என்றால் நகர்கிறோம் என்று சொல், என்றார் லேனா.

அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். “காணி உங்கடையோ எண்டு கேக்கிறா.”

“இல்லை,” என்றார் அப்பா. “சும்மா பாக்க வந்தனான்.”

நிமல் நிழலிலிருந்து எழுந்து வந்து, இந்த மிஸ்ஸைத் தெரியுமா என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். வவுனியாவிலிருந்தே அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

“தெரியாது. கொழும்புப் பிள்ளை போல.”

அப்பாவின் கண் அசையவில்லை. குரலும் அசையவில்லை. நான் வெட்கப்படுவதை விளங்கிக்கொண்டு எனக்காக நடிக்கிறார் என்று நினைத்தேன். அந்த நேரம் எனக்கு வந்தது நிம்மதி. இதை எழுதும்போதும் என்னைச் சுடுவது அந்த நிம்மதிதான்.

லேனா ஹெட்போனைக் கழற்றி, கேட்டுப் பாருங்கள் என்று அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தார். குளவிக் கூட்டம் அவர் காதுக்குள் இரைவதை அவர் நெற்றியில் பார்த்தேன்.

“இவையள் என்ன கேக்கினம்?” என்றார் என்னிடம்.

“நாங்கள் எங்க நிக்கிறம் எண்டு கேக்கினம்.”

“சொல்லிப்போட்டியளோ?”

“ஓம்.”

அப்பா ஹெட்போனைக் கழற்றி மெதுவாகப் பெட்டிமேல் வைத்தார். லேனாவைப் பார்த்துத் தலையாட்டினார். வரம்பில் திரும்பி நடந்து, றோட்டோரத்துப் பூவரசுக்குக் கீழே போய்க் குந்தினார். யாருக்கோ தொலைபேசி எடுப்பது தெரிந்தது. நாங்கள் கம்பத்தைச் சுருட்டி வானில் ஏற்றும்வரை அவர் அந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

வான் புறப்பட்டதும் மோட்டார் சைக்கிளும் புறப்பட்டது. நாங்கள் பள்ளத்துக்கு மெதுவாக்கினால் அதுவும் மெதுவாக்கியது. ஏ-ஒன்பது பெரிய றோட்டில் ஏறி வேகம் எடுத்தால் தூரத்தில் சிறிதாகி, பிறகு மறுபடி கண்ணாடியில் வந்தது. நிமலுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஐயா வயலிலிருந்தே பின்னால் வருகிறார், முன்னால் பொலிஸ் நிற்கும் இடத்தில் நிறுத்திச் சொல்லப்போகிறேன் என்றார்.

“வேண்டாம்,” என்றேன்.

“ஏன் மிஸ்?”

“அவர் ஒண்டும் செய்யமாட்டார்.”

 பொலிஸ்காரர் கை காட்டாமலே விட்டார். நிமல் நிறுத்தாமல் போனார். நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்குமிடத்துக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடை இருந்தது. அறைச் சன்னலால் பார்த்தேன். அப்பா கடை வாசலில் நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கினார். மடியோடு அணைத்துப் பிடித்திருந்தது அந்தப் பை.

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கிறது. கதவுக்குக் கிட்ட ஆணியில் தொங்கும். பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, கிளினிக் கொப்பி, காணிப் பத்திரம், எல்லாம் பொலித்தீனில் சுற்றி அதற்குள் இருக்கும். ஓட வேண்டி வந்தால் முதலில் எடுப்பது அது. யாரையாவது கொண்டுபோய்விட்டார்கள் என்றால், பின்னால் தேடிப் போகும்போது கொண்டுபோவதும் அதுதான். அம்மா கையில் அதைக் கண்ட பிறகுதான் அப்பா வயலில் என்ன செய்தார் என்று எனக்கு விளங்கியது. சாவடிகளில் பழகியது. உன் ஆள் ஒருவர் அந்நியருக்கு நடுவில் நின்று, உன்னைக் கண்டும் காணாததுபோல் நின்றால், நீயும் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். அது அவரைக் காப்பாற்றும். பிறகு எங்கே கொண்டுபோகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி றோட்டைக் கடந்தேன்.

“தனிய விட்டினமோ உன்னை?” என்றார் அப்பா, உதடு அசையாமல். “கெதியாச் சொல்லு. ஆர் உவை?”

“ஒருத்தரும் இல்லையப்பா. அவா என்ர சிநேகிதி.”

“வெருட்டி வைச்சிருக்கினமோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் பிள்ளை தெரியாத மாதிரி நிண்டனீ?”

கடைக்குள் இரண்டு பேர் எங்களையே பார்த்தார்கள். அம்மா பையைத் திறந்து, இரைக்க இரைக்க, பொலித்தீனை உருவிக்கொண்டிருந்தார். மேலே இருந்தது என் பட்டச் சான்றிதழ். அதற்குக் கீழே பள்ளிக்கூடத்தில் கிடைத்த பரிசுச் சான்றிதழ்கள், ஒன்று விடாமல். “இவள் படிச்ச பிள்ளை, ஒரு பிரச்சினைக்கும் போகாதவள் எண்டு காட்டத்தான் கொண்டந்தனான்,” என்றார். நான் பெருமைப்பட்ட ஒவ்வொரு கடதாசியும் அந்தத் தேத்தண்ணிக் கடை மேசையில் கிடந்தது.

“எனக்குக் கூச்சமா இருந்ததப்பா,” என்றேன். “அவைக்கு நான் கொழும்பு எண்டு சொல்லி வைச்சிருந்தனான்.”

அப்பா பக்கத்திலிருந்த கதிரையில் சாய்ந்தார். தோள் இரண்டும் கீழே இறங்கின.

“கூச்சமோ?” என்றார். “அவ்வளவுதானோ?”

சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்று பிளேன்ரீ சொன்னார். அவர் பயந்து வந்த தூரத்தோடு பார்த்தால் என் வெட்கம் அவருக்கு ஒன்றுமே இல்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அம்மா சிரிக்கவில்லை. கடதாசிகளை ஒழுங்காக அடுக்கிப் பொலித்தீனில் சுற்றினார். சுற்றிக்கொண்டே கேட்டார்.

“எங்களைப் பாக்கக் கூச்சமோ, ஊரைப் பாக்கக் கூச்சமோ?”

 பிளேன்ரீ ஆறிப்போனது.

காலையில் லேனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவைச் சொன்னேன், களனி வெள்ளத்தைச் சொன்னேன், பொங்கல் லீவில் மாமரத்தடியில் இருந்து அவரோடு கதைத்ததையும் சொன்னேன். அவர் தொலைபேசியில் பழைய பதிவைத் தேடி எடுத்தார். நாள் சரியாக இருந்தது. படத்தைத் திறந்து அந்த வெறும் சதுரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“என்னிடம் இருந்த சதுரத்துக்காக நான் இவ்வளவு தூரம் பறந்து வந்து, மூன்று வேளையும் மிளகாய் சாப்பிட்டிருக்கிறேன்,” என்றார். நிமல் சிரித்தார். லேனா சிரிக்கவில்லை. “நாங்கள் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. ஒருவர் வாயிலிருந்து வருவதைத்தான் மற்றவர் நம்புகிறோம். வேறு என்ன இருக்கிறது இதில்?” என்று கேட்டுவிட்டு எழுந்துபோய்த் தன் பைகளைக் கட்டினார்.

கொழும்புக்குத் திரும்பப் போகிறார் என்று நினைத்தேன். பைகளை வானில் ஏற்றிவிட்டு முன் சீற்றில் ஏறி, “உன் வீட்டுக்கு வழி சொல்,” என்றார். வழியெல்லாம் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அம்மா களப்பு இறாலில் குழம்பு வைத்து, லேனாவுக்கென்று தனியாக மிளகாய் குறைத்து ஒரு சட்டியும் வைத்திருந்தார். நிமலுக்கு வாழையிலையில் சோறு போடும்போது, நேற்று என்னைக் கள்ளன் எண்டு நினைச்சனீங்களோ என்று அப்பா கேட்டார். நிமல் ஓம் என்று ஒத்துக்கொண்டார். லேனாவை அம்மா பெரிய கதிரையில் இருத்தி, அவருடைய சிவந்த கைகளைப் பார்த்து வெயிலுக்கு எண்ணெய் பூசச் சொன்னார். இந்தமுறை நான் எதையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். என்னைப் பிள்ளை என்று கூப்பிடாமல் “உன்ர சிநேகிதிக்குச் சொல்லு” என்றுதான் அம்மா கதைத்தார். கோபம் போகவில்லை.

பின்னேரம் மாமரத்தடியில் வானொலியை வைத்தோம். கம்பத்தை அப்பா பிடித்துக்கொண்டார். நான் கூப்பிட்டேன். ஒரு ஜப்பான்காரர் வந்தார். குரல் மெல்லியதாக, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் இருந்தது. என் பெயரை வாங்கிக்கொண்டு இடத்தைக் கேட்டார்.

வாசல் படலைக்குக் கிட்ட நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார்.

“கண்டாவளை,” என்றேன். “கிளிநொச்சி மாவட்டம். நான் பிறந்து வளர்ந்த வீடு.” அவருக்கு விளங்காததால் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன். எங்கள் முற்றத்தில் நின்று இவ்வளவு சத்தமாக அந்தப் பெயரை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. அம்மா படலையைச் சாத்திக் கொளுக்கியை மாட்டினார். ஆனால் உள்ளே போகவில்லை. சாத்திய படலையில் சாய்ந்துகொண்டு கடைசிவரை கேட்டார்.

புறப்படும்போது லேனா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. கை கொடுத்தார். பின்லாந்து போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வரி எழுதினார், படத்தில் சதுரத்துக்கு நிறம் தீட்டியாயிற்று, பொங்கல் நாளின் தேதியில் என்று.

அவருக்கு மட்டும் அல்ல, அந்த லீவில் நான் கதைத்த எல்லோருக்கும், சொன்ன இடம் பிழை, சரியான இடம் இது என்று எழுதினேன். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் திட்டினார். சிலரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. உரிமத்தில் என் நிலையத்தின் முகவரி கொழும்புப் போர்டிங்காக இருந்தது. அதைக் கண்டாவளை வீட்டுக்கு மாற்ற விண்ணப்பித்தேன், புதிய உரிமம் வந்துவிட்டது. போன கிழமை வீட்டுக்குப் போனபோது ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனேன். அம்மா குசினியில் நின்றார். கதவடி ஆணியிலிருந்து பையை இறக்கி, பட்டச் சான்றிதழுக்கும் காணிப் பத்திரத்துக்கும் நடுவில் அதை வைத்து, பொலித்தீனை முன்னைப் போலவே சுற்றி, திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.